கடலிலும் ஆற்றிலும் டிடெக்டர்: மூழ்கிக் கிடக்கும் பழைய போர்ப் பொருட்களைத் தேடுவது பற்றி

கரையோரன்

வணக்கம் நண்பர்களே. நிலத்தில் மெட்டல் டிடெக்டர் (உலோகம் கண்டறியும் கருவி) வைத்துத் தேடிப் பழக்கம் உண்டு. ஸ்கூபா சான்றிதழும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஆற்றுப் படுகையிலும் ஆழமில்லாத கடலிலும் பழைய போர்க்காலப் பொருட்களைத் தேட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஈயக் குண்டு, சீருடைப் பட்டன், பெல்ட் பக்கிள், வாள் துண்டு மாதிரியானவை. பெரிய கப்பல்களைத் தொடும் எண்ணம் இல்லை.

நிலத்தில் அமைதியாக வேலை செய்யும் என் கருவி, கடல்நீரில் காயிலை (அடியில் இருக்கும் கம்பிச்சுருள் வட்டை) இறக்கியதும் ஓயாமல் கத்துகிறது. ஏன்? கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரே கருவி போதுமா? அப்புறம், கீழே கிடக்கும் இரும்புக் குப்பைக்கு நடுவே வேண்டியதை எப்படிப் பிரித்தெடுப்பது?

அலைவரிசை

கருவியில் கோளாறு எதுவும் இல்லை. டிடெக்டருக்கு உலோகம் என்று தனியாக எதுவும் தெரியாது. காயில் ஒரு மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. மின்சாரம் கடத்தும் பொருள் அருகில் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அது திருப்பி அனுப்பும் சின்னப் புலத்தைத்தான் கருவி பிடிக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூறு மடங்குக்கும் மேல் மின்சாரம் கடத்தும். உங்கள் காயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் கடத்தி சூழ்ந்திருக்கும்போது அது கத்தாமல் என்ன செய்யும்? ஆற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் சாதாரண விஎல்எஃப் (மிகத் தாழ் அதிர்வெண்) கருவியே நன்னீரில் தாராளமாகப் போதும்.

கடலுக்கு இரண்டு வழிகள். ஒன்று பல்ஸ் இண்டக்ஷன். கருவி ஒரு சிறு துடிப்பை அனுப்பிவிட்டு, பத்துப் பதினைந்து மைக்ரோநொடி காத்திருந்து, அதன் பிறகுதான் காது கொடுக்கிறது. கடல்நீரில் உண்டாகும் மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தில் உண்டானது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கேரட் ஸீ ஹன்டர் மார்க் 2 இந்த வகை. இன்னொன்று பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்வது. உப்புக்கு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வரும் பதில் வேறுபடுவதால் கருவி அதை மட்டும் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். மைன்லேப் எக்ஸ்காலிபர் 2 நெடுங்காலமாக இப்படித்தான் ஓடுகிறது. 1.5 கிலோஹெர்ட்ஸ் முதல் 25.5 வரை 17 அதிர்வெண்கள்.

வாங்கும் முன் ஆழ வரம்பைப் பாருங்கள். 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். மைன்லேப் எக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் வரைதான். எக்ஸ்பி டியூஸ் 2 இருபது மீட்டர் தாங்கும். எக்ஸ்காலிபரும் ஸீ ஹன்டரும் அறுபது மீட்டரைத் தாண்டும். முழங்கால் ஆழத்தில் நடந்து தேடுபவருக்கும் சிலிண்டர் மாட்டி இறங்குபவருக்கும் தேவை வேறு.

வயர்லெஸ் ஹெட்போனை மறந்துவிடுங்கள். அந்த ரேடியோ அலை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும், உப்புநீரில் இன்னும் சீக்கிரம். ஒயர் உள்ளதுதான் வேண்டும்.

துருவாள்

அலைவரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரும்பைப் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? இணையத்தில் கிடைக்கும் நீரடி டிடெக்டர் அறிவுரைகளில் பெரும்பாலானவை மோதிரம், நாணயம் தேடுபவர்கள் எழுதியவை. இரும்பை ஒதுக்கும்படி கருவியை அமைக்கச் சொல்வார்கள். போர்ப் பொருள் தேடுபவர் அதைச் செய்தால் பாதியை இழப்பார். பீரங்கிக் குண்டு, துப்பாக்கி உறுப்பு, ஈட்டி முனை, கோடரி, குதிரைக் கடிவாளத்தின் இரும்பு எல்லாமே ஒதுக்கப்பட்டுவிடும். மேலும், ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டன் கிடந்தால், ஆணியை ஒதுக்கும் கருவி பட்டனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

நான் எதையும் ஒதுக்காமல்தான் தேடுவேன். காதுக்குப் பழக்கம் வந்துவிட்டால் சின்ன ஈயக் குண்டின் இறுக்கமான ஒலிக்கும், நீண்ட இரும்பின் இழுவையான, இரட்டை ஒலிக்கும் வித்தியாசம் புரியும். அதற்கு மேல் பிரிப்பது கையும் கண்ணும்தான்.

இன்னொன்று. உங்கள் சிலிண்டர், கத்தி, வெயிட் பெல்ட்டின் ஈயம் எல்லாவற்றையும் கருவி கேட்கும். கையை நீட்டிப் பிடித்துத் தேடுங்கள்.

நதிமூலம்

கருவியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். எங்கே இறங்குவது என்பதில்தான் என்னைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலை இருக்கிறது.

டிடெக்டரின் கண் மிகக் குட்டை. சின்னப் பொருளின் தூரம் இரட்டிப்பானால் அதிலிருந்து வரும் சிக்னல் கிட்டத்தட்ட அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். ஈயக் குண்டு ஒரு முழ மணலுக்கு அடியில் போய்விட்டால் எந்தக் கருவியாலும் பயன் இல்லை. அதனால் பொருள் மேலோட்டமாகக் கிடக்கக்கூடிய இடத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படைகள் ஆற்றில் பொருளை விட்ட இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: கடந்த துறைகள், சண்டை நடந்த பாலங்கள், பின்வாங்கும்போதோ ஊரைப் பிடித்த பிறகோ ஆயுதங்களைக் கொட்டிய கரைகள். 1812 நவம்பர் கடைசியில் நெப்போலியனின் படை பெரெசினா ஆற்றைக் கடந்தது முதல் வகை. மூன்றாவது வகைக்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் கொலம்பியா நகரம். உள்நாட்டுப் போரின்போது, 1865 பிப்ரவரியில் வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை நகரைப் பிடித்ததும், அங்கே கைப்பற்றிய தென்மாநிலப் படையின் வெடிபொருட்களைக் காங்கரீ ஆற்றில் கொட்டினார்கள். அண்மையில் அதே ஆற்றில் பழைய தார்க் கழிவை அகற்றத் தடுப்பணை கட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். அடியிலிருந்து பீரங்கிக் குண்டுகளும் வாள் அலகும் உட்பட நூற்றுக்கணக்கான பொருட்கள் வந்தன.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஆறு நகரும். அன்றைய துறை இன்று வயலாகவும், அன்றைய கரை இன்று நடு ஆறாகவும் இருக்கும்.

படுகையில் ஈயம் எங்கே நிற்கும் என்பதும் ஒரு கணக்கு. கனமான பொருள் வெள்ளம் வரும்போதெல்லாம் சரளைக்குள் இறங்கி, இறங்க முடியாத கெட்டித் தளத்தில் போய் நிற்கும். களிமண் தட்டு, பாறை இடுக்கு, பெரிய கல்லின் கீழ்ப்புறம், வளைவின் உள்பக்கம். சரளை மெல்லியதாக இருந்து அடியில் களிமண் இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். தடித்த மணல் மேடு என்றால் வேறிடம் போகலாம்.

தோண்டுவதற்குக் கை போதும். உள்ளங்கையால் விசிறினால் மணல் எழும், நீரோட்டம் அதை அள்ளிக்கொண்டு போகும். நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்துத் தேடினால் கலங்கல் உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

முப்பதுமீட்டர்

டைவிங் பக்கத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கரையோரன், சாதாரண டைவிங்கில் மிதந்து பார்ப்பீர்கள். இதில் தரையோடு ஒட்டி உழைக்கிறீர்கள். விசிறுவது, கல் புரட்டுவது எல்லாம் மூச்சைத் தின்னும். கவனம் முழுக்கக் காதில் இருப்பதால் சிலிண்டரில் மிச்சம் உள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்க்க மறந்துபோகும். ஹெட்போன் மாட்டியிருந்தால் மேலே வரும் படகின் சத்தமும் துணைக்கு இறங்கியவர் சிலிண்டரைத் தட்டும் சத்தமும் கேட்காது. மண்டை எலும்பு வழியாக ஒலி தரும் வகை ஹெட்போன்கள் காதைத் திறந்து விடுகின்றன. முடிந்தால் அதை எடுங்கள். மேலே மிதவைக் கொடி கட்டாயம்.

ஆற்றில் நிலையாக நிற்க ஈயத்தைக் கூடுதலாகக் கட்டுவார்கள். அந்தக் கனத்தைச் சட்டென்று கழற்றிவிட முடியுமா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். கருவியின் ஒயரும் மிதவைக் கயிறும் பழைய மீன்பிடி நரம்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எமன்தான். வெட்டும் கருவி இரண்டு, இரண்டு வேறு இடங்களில், எந்தக் கையாலும் எட்டும்படி.

கனமான பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி மேலே வரவே கூடாது. பாதி வழியில் அது நழுவினால் நீங்கள் கட்டுப்பாடில்லாமல் மேலே பாய்வீர்கள், நுரையீரல் கிழியும். அதற்கென்று லிஃப்ட் பேக் (காற்று நிரப்பிப் பொருளைத் தூக்கும் பை) இருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் தனிப் பயிற்சி வேண்டும்.

கரையோரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை.

இன்னொரு சந்தேகம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஆற்றிலிருந்து எடுத்த இரும்பு உருண்டை ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறார். இளநீர் அளவு இருக்கும். மேலே கெட்டியான துரு ஓடு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறாராம். நான் உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். கிரைண்டர் பயன்படுத்தலாமா, இல்லை அமிலத்தில் ஊறவைக்க வேண்டுமா?

துருவாள்

கரையோரன், உடனே அவரிடம் பேசுங்கள். அதை யாரும் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் வெளியேறட்டும். காவல்துறைக்குச் சொன்னால் வெடிகுண்டு நிபுணர்களை அனுப்புவார்கள்.

பீரங்கிக் குண்டு இரண்டு வகை. முழு இரும்பாக வார்த்தது, அது வெறும் கனம். உள்ளே குடைந்து வெடிமருந்து நிரப்பியது இன்னொன்று. அதில் திரிக்கு ஒரு துளையும் அதை அடைக்கும் செருகியும் இருக்கும். துரு ஓடு மூடிவிட்டால் துளை தெரியவே தெரியாது. நூறு ஆண்டு தண்ணீரில் கிடந்தது, மருந்து நனைந்திருக்கும் என்று நினைப்பார்கள். செருகி இறுக்கமாக இருந்தால் உள்ளே மருந்து காய்ந்தே இருக்கும். நனைந்த கருமருந்தும் உலர்ந்ததும் பழையபடி தீப்பிடிக்கும்.

2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு சேகரிப்பாளர், உள்நாட்டுப் போர்க் காலத்துக் கடற்படைக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு வாசலில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். 9 அங்குல விட்டம், சுமார் 75 பவுண்டு எடை. அது வெடித்து அவர் அங்கேயே இறந்தார். கால் மைல் தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் முன்கூரையை அதன் ஒரு துண்டு துளைத்தது. குண்டின் வயது அப்போது 140 ஆண்டுக்கு மேல்.

அலைவரிசை

துருவாள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். முதலில் போனைப் போடுங்கள், இழையை அப்புறம் படிக்கலாம்.

உப்புநீக்கி

நான் பழம்பொருள் பாதுகாப்புக் கூடத்தில் வேலை செய்பவள். வெடிபொருளைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். இரண்டு உலகப் போர்களின் மிச்சம் கடலில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனியின் வட கடல், பால்டிக் கடல் பகுதிகளில் மட்டும் சுமார் 16 லட்சம் டன் வெடிபொருள் கிடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பால்டிக்கின் உசெடோம் தீவில் கடற்கரையில் அம்பர் கல் பொறுக்குபவர்கள் மஞ்சள் நிறத் துண்டைப் பார்த்து அம்பர் என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அது பழைய தீக்குண்டுகளின் வெள்ளை பாஸ்பரஸ். ஈரம் உலர்ந்ததும் உடல் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் உலர்ந்தால் மறுபடி எரியும்.

நீண்ட உருளை வடிவம், அதன் கீழ்ப்பகுதியில் செம்பு வளையம், முனையில் பித்தளை மூடி. இதில் எது தெரிந்தாலும் விசிறுவதை நிறுத்திவிட்டு விலகுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தகவல் சொல்வது மட்டுமே உங்கள் வேலை.

கரையோரன்

நிபுணர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். எக்ஸ்ரே எடுத்ததில் உள்ளே குடைவு இருந்தது, செருகியும் அப்படியே இருந்தது என்று சொன்னார்களாம். அவர் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறார். துருவாள் அண்ணா, உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

பெட்டகம்

நல்லவேளை. எல்லோரும் பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி.

நான் பல காலமாகச் சேகரிப்பவன். ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே கேட்கிறேன். அங்கே விட்டுவிடுங்கள், தொடாதீர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். விட்டால் என்ன ஆகும்? துரு தின்னும். தூர்வாரும் இயந்திரம் அள்ளிக் கொட்டும். இழுவலை இழுத்துப்போகும். 1942 பிப்ரவரி 27-ல் ஜாவாக் கடல் சண்டையில் மூழ்கிய டச்சுக் கப்பல்கள் டி ரைட்டர், ஜாவா இரண்டும் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டன. 2016-ல் போய்ப் பார்த்தால் தரையில் பள்ளம்தான் இருந்தது. முழுக் கப்பலையும் பழைய இரும்புக்காக வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இறந்தவர்கள் இருந்த கப்பல்கள். நாங்கள் எடுத்து வைத்திருக்கும் பட்டனும் குண்டும் இன்று இருப்பது, நாங்கள் எடுத்ததால்தான். இதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

ஏட்டறிவு

பெட்டகம் ஐயா, தூர்வாருவதிலும் கப்பல் திருட்டிலும் நீங்கள் சொல்வது முழு உண்மை. வெள்ளம் அரித்து வெளியே தள்ளிய பொருளை அடுத்த வெள்ளத்துக்கு முன் எடுப்பது காப்பாற்றுவதுதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் கவலை எடுக்கும் விதத்தைப் பற்றியது. ஜெர்மனியின் வடகிழக்கில் டோலென்சே என்ற சிற்றாறு ஓடுகிறது. கிமு 13-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1996-ல் ஒருவர் கரையில் கண்ட ஒரு கை எலும்பில் கல் அம்புமுனை குத்தியிருந்தது, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 2016-ல் அந்த ஆற்றின் அடியில் 31 பொருட்கள் நெருக்கமாகக் கிடந்ததை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். வெண்கலக் குத்தூசி, உளி, கத்தி, அப்புறம் உடைந்த வெண்கலத் துண்டுகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. நெருங்கிக் கிடந்ததால்தான் அது ஒரு வீரனின் பையில் இருந்தவை என்று தெரிந்தது. பை மக்கிப்போய்விட்டது, உள்ளே இருந்தவை மட்டும் சேர்ந்தே இருந்தன. யாராவது ஒருவர் முன்னமே போய் நல்ல கத்தியை மட்டும் எடுத்திருந்தால்? அந்த மனிதன் மறுபடி காணாமல் போயிருப்பான்.

சிசிலிக்கு மேற்கே எகாடித் தீவுகளிலும் இதே கதைதான். கிமு 241-ல் ரோமும் கார்த்தேஜும் மோதிய கடற்போர். கப்பல் முகப்பில் பொருத்தும் வெண்கல முட்டுமுனை ஒன்று 2004-ல் ஒரு தனியாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது. அது எந்த இடத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதனோடு வரவில்லை. பிறகு முறையாகத் தேடி இருபதுக்கும் மேற்பட்ட முட்டுமுனைகளையும் வெண்கலத் தலைக்கவசங்களையும் கடலடியில் கண்டார்கள். ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்ததால், போர் எந்தக் கடற்பரப்பில் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஏடுகளில் வரும் போருக்கு ஒரு முகவரி கிடைத்தது.

உப்புநீக்கி

> விட்டால் என்ன ஆகும்? துரு தின்னும்.

இதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என் அன்றாட வேலை.

கடலடியில் மணலுக்குள் புதைந்த இரும்பு முதலில் வேகமாகத் துருப்பிடிக்கும். பிறகு துருவும் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டி ஓடாகி ஆக்சிஜனைத் தடுக்கும். வேகம் மிகவும் குறைந்துவிடும். நீங்கள் எடுத்து மேலே கொண்டுவரும் நாளில்தான் உண்மையான அழிவு தொடங்குகிறது. இரும்பின் துளைகளில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். உலர்ந்து காற்றுப் பட்டதும் அது உள்ளிருந்து தாக்கும். மேல்பரப்பு அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழும். வார்ப்பிரும்புக் குண்டு அலமாரியில் சில மாதங்களிலேயே பிளந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 200 ஆண்டு கடலில் தாங்கியது அது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் எச்.எல். ஹன்லி நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1864 பிப்ரவரி 17-ல் எதிரிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தானும் மூழ்கியது. 1995-ல் மேக்னெட்டோமீட்டர் (காந்தப்புல மாற்றத்தை அளக்கும் கருவி) வைத்துக் கண்டுபிடித்தார்கள். உடனே தூக்கவில்லை. தொட்டியும் கூடமும் தயாரான பிறகு 2000 ஆகஸ்ட் 8-ல்தான் தூக்கினார்கள். உள்ளே இருந்த சேற்றைக் கூடத்தில் வைத்து மெல்ல அகற்றும்போது, தளபதி ஜார்ஜ் டிக்சனின் எலும்புகளோடு ஒரு 20 டாலர் தங்க நாணயம் கிடைத்தது. அதே போரின் ஷைலோ சண்டையில் துப்பாக்கிக் குண்டை வாங்கி அவர் உயிரைக் காத்த நாணயம் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டது. நாணயம் வளைந்திருந்தது, தேதியும் 'என் உயிர்காப்பான்' என்ற சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. கடலடியில் டிடெக்டர் வைத்து அதை மட்டும் எடுத்திருந்தால், யாருடைய பக்கத்தில் கிடந்தது என்பதைச் சொல்ல வழியே இல்லை. நீர்மூழ்கியின் உடல் 2014 முதல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறுகிறது.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதை என்று நினைக்க வேண்டாம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், சட்டம் அனுமதிக்கும் பொருளை எடுப்பவர் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. முதல் விதி, எடுத்த பொருள் உலரவே கூடாது. எடுத்த நீரிலேயே மூழ்கடித்துக் கொண்டுவாருங்கள்.

ஈயக் குண்டுகள்தான் தொடங்குபவருக்கு ஏற்றவை. நன்னீரில் அலசினால் பெரும்பாலும் போதும். வெள்ளைப் படலத்தைச் சுரண்டாதீர்கள், அதுதான் காப்பு. ஆனால் ஓக் மரப் பெட்டியிலோ மட்டமான அட்டைப் பெட்டியிலோ வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தைப் பொடியாக்கிவிடும்.

பித்தளை, வெண்கலம் உப்புநீரிலிருந்து வந்தால் நன்னீரைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊறவைக்க வேண்டும். வெளிர்பச்சைப் பொடி கிளம்பினால் உள்ளே குளோரைடு மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

இரும்பை வெறும் குழாய்த் தண்ணீரில் வைத்தாலும் துருப்பிடிக்கும். காரக் கரைசல் வேண்டும். சோடியம் கார்பனேட் 5 சதவீதம் ஓரளவு பாதுகாப்பானது. சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நெருங்க வேண்டாம். குளோரைடு வெளியேற மாதங்கள், பெரிய பொருளுக்கு ஆண்டுகள் ஆகும். விமானப் பாகம் எதையும் இந்தக் கரைசல்களில் போடாதீர்கள். அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

இரும்பு முழுவதும் கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும் சமயமும் உண்டு. கட்டியை உடைத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். எங்கள் கூடத்தில் முதலில் எக்ஸ்ரே எடுப்போம். வெற்றிடத்துக்குள் எபாக்ஸி பிசினை ஊற்றி, இறுகியபின் ஓட்டை நீக்கினால் காணாமல்போன வாள்பிடி அப்படியே வார்ப்பாக வெளிவரும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பவருக்கு அந்த வாள்பிடி கிடைக்காது.

முப்பதுமீட்டர்

சட்டத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். போர்க்கப்பல் எவ்வளவு காலம் மூழ்கிக் கிடந்தாலும், எந்த நாட்டுக் கடலில் கிடந்தாலும், அது எந்த நாட்டுக் கொடியோடு ஓடியதோ அந்த நாடு தன் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்கா 2004-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. பிரிட்டனின் 1986 சட்டப்படி விழுந்த ராணுவ விமானம் எல்லாமே தானாகப் பாதுகாக்கப்பட்டவை, கப்பல்கள் அறிவிக்கப்பட்டால் பாதுகாக்கப்படும். பிரிட்டனில் கப்பல் சிதைவிலிருந்து எதை எடுத்தாலும் 28 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு ஆண்டு நீருக்கடியில் இருந்த மரபுச் சின்னங்களுக்குப் பொருந்தும், முதல் உலகப் போர்க் கப்பல்கள் இப்போது அதற்குள் வந்துவிட்டன. நாட்டுக்கு நாடு இது மாறும். இறங்கும் முன் அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ விரிகுடாவில் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக்கில் 1939-ல் இறந்தவர்கள் எண்ணூறுக்கும் மேல். அங்கே டிடெக்டரோடு போக எனக்கு மனம் வராது. அது கல்லறை.

கரையோரன்

படித்துப் படித்து என் திட்டமே மாறிவிட்டது. கடலை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். ஆறு, அனுமதி கிடைத்தால் மட்டும், ஈயமும் பித்தளையும் மட்டும். இரும்பு தெரிந்தால் இடத்தைக் குறித்துவிட்டு மேலே வருவேன். ஆனால் குறிப்பது எப்படி? தண்ணீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாதே.

நதிமூலம்

நல்ல முடிவு தம்பி.

பொருள் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கனத்தைக் கட்டி, கயிற்றில் மிதவையை மேலே விடுங்கள். கயிறு தளராமல் செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீரோட்டம் மிதவையைத் தள்ளிக்கொண்டுபோய் அளவு தப்பும். மிதவை பக்கத்தில் ஜிபிஎஸ் எடுங்கள். ஒரே இடத்தில் பல பொருள் இருந்தால் ஜிபிஎஸ் போதாது. படுகையில் இரண்டு இரும்புக் கம்பிகளை ஊன்றி, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கம்பிகளிலிருந்தும் அளவு நாடாவால் தூரம் எடுத்துப் பலகையில் எழுதுங்கள். கரைக்கு வந்து அந்த இரண்டு தூரத்தையும் வைத்து வரைந்தால் வரைபடம் கிடைக்கும். எடுக்கும் முன் அளவுகோலோடு படம். எந்த ஆழத்தில், சரளையிலா களிமண்ணிலா என்பதும்.

பெட்டகம்

ஏட்டறிவு, உப்புநீக்கி இருவருக்கும் நன்றி. டோலென்சேக் கதை எனக்குப் புதிது. எடுத்துக் காப்பது சரி என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் என் அலமாரியில் இருப்பவை எங்கே கிடந்தன என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. எனக்குப் பிறகு இவை வெறும் பழைய பட்டன்கள். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

உப்புநீக்கி

கட்டாயம் முடியும் ஐயா, இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆறு, எந்தக் கரை, எந்தப் பாலத்துக்கு மேலே அல்லது கீழே, எந்த ஆண்டு, அதனோடு வேறென்ன கிடைத்தது என்று நினைவில் இருக்கும் வரை எழுதுங்கள். உறுதியில்லாததை உறுதியில்லை என்றே எழுதுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. உங்களோடு இறங்கியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

பிறகு பொருளுக்கும் நோட்டுக்கும் ஒரே எண். எண்ணை உலோகத்தின் மேல் நேராக எழுதாதீர்கள், ஒட்டும் லேபிளும் வேண்டாம், அதன் பசை உலோகத்தைக் கெடுக்கும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பாரலாய்ட் பி-72 (நிறமற்ற அக்ரிலிக் பிசின்) ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் நிறமி மையால் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. தேவைப்படும்போது அசிட்டோனில் துடைத்தால் தடம் இல்லாமல் போய்விடும். பட்டன் மாதிரி மிகச் சிறியவற்றைத் தனித்தனிப் பாலிஎத்திலீன் பையில் போட்டு, எண் எழுதிய அமிலமற்ற தாளை உள்ளே வையுங்கள். நோட்டை முழுவதும் படம் எடுத்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.